அஸருக்கு முந்திய பஸ்

ஸல்ஹா முன்வாசல் கம்பியை எட்டிப் பிடித்து ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டாள். மற்றக் காலுக்கு இடமில்லை. கீழே இரண்டு பைகளோடு நின்ற பக்கீர் தன் தோளை அவள் முதுகில் கொடுத்துத் தள்ளினார். கலியாணம் முடித்த பதினெட்டு வருசத்தில் நாலு பேர் பார்க்க மனுசன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"உள்ளுக்குப் போங்க! நடுவில இடம் கிடக்கு!" என்று கொண்டக்டர் கத்தினார்.

நடுவில் இடம் கிடந்ததோ என்னவோ, அங்கே போய்ச் சேர வழியில்லை.

எழுபத்துநாலாம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள். கிறிஸ்மஸ் நத்தார் லீவும் கூடவே வந்திருந்ததால் திருகோணமலை பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. விடியப்புறம் கிண்ணியாவில் ஸல்ஹாவின் அண்ணன், முத்தலிப் காக்கா, மூச்சடங்கி மௌத்தாகிவிட்டார். புல்மோட்டை மணல் தொழிற்சாலையில் பக்கீருக்குக் காவல் வேலை. அங்கேதான் டெலிபோன் வந்தது. பேசியவன் காக்காவின் மகன் பாயிஸ்.

"மாமா, பின்னேரம் அஸர் தொழுகையோட எடுக்கிறதாம். நாளைக்குப் பெருநாள், பிந்த ஏலாது. மாமியைக் கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்க."

பிள்ளைகளை அயல் வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். தொழிற்சாலை லொறி அவர்களைப் பட்டணத்தில் இறக்கியபோது மணி பதினொன்று. இரண்டு பஸ்களில் தொற்றக்கூட இடமில்லை. மூன்றாவதின் வாசலைக் கையால் மறித்து நின்ற கொண்டக்டரிடம் பக்கீர் கெஞ்சினார்.

"தம்பி, மையத்து வீட்டுக்குப் போறம். இவட கூடப்பிறந்த காக்கா. ரெண்டே ரெண்டு பேர்."

"அண்ணே, விடிய இருந்து நீங்க நாலாவது மையத்து வீடு," என்றான் அவன். குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. "முந்தி ஏறினவங்கட கையில புது உடுப்புப் பார்சல் இருந்தது."

மிதிபலகையில் நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். பக்கீர் அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை. இந்த நாலாவது பஸ்ஸில் வாய் திறக்காமல் இடித்து ஏறினார்கள். அப்போது ஒன்றே முக்கால்.

உள்ளே ஸல்ஹாவின் முகம் யாரோ ஒருவருடைய நனைந்த முதுகில் அழுந்தியிருந்தது. மாரி மழைக்கு ஜன்னல்களை எல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். அவளுடைய செருப்பொன்று கழன்று போய்விட்டது. குனிந்து தேட இடமில்லை. பக்கத்துச் சீட்டில் ஒரு பெண் மடியில் ஒரு பையும் அருகில் இன்னொரு பையும் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நித்திரை இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

வாப்பா போன பிறகு அவளை வளர்த்தெடுத்தவர் காக்காதான். ஒவ்வொரு பெருநாளுக்கும் மறுநாள் இறைச்சியும் புடவைத்துணியும் எடுத்துக்கொண்டு அவரே புல்மோட்டைக்கு வருவார். "நீ புள்ளையளோட இந்தச் சனத்துக்குள்ள வர வேணாம். நான் வாறன்" என்று முதல் வருசமே சொல்லிவிட்டார். சேட்டு வியர்வையில் ஊறியிருக்கும். ஒரு தடவை பை கிழிந்து தொங்கியது. "பஸ்ஸில சனமா காக்கா?" என்று கேட்டால், "கொஞ்சச் சனந்தான்" என்பார். அவளும் நம்பி, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போவாள்.

அன்புவழிபுரத்துச் சந்தியில் மழைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒரு மனுசி கைக்குழந்தையை முந்தானையால் மூடியபடி றோட்டுக்கே இறங்கி வந்து கையை நீட்டினாள். பஸ் நிற்கவில்லை. நிற்காதது நல்லம் என்றுதான் ஸல்ஹாவுக்கு இருந்தது.

கிண்ணியாத் துறைக்கு வந்து இறங்கியபோது அக்கரைப் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் பாதை என்கிற மிதவை அப்போதுதான் இக்கரையை விட்டு நகர்ந்திருந்தது. விளிம்புக் கம்பி வரை சனம்.

"சொல்லிப் பாருங்களன். திருப்பினாலும் திருப்புவாங்க," என்றாள் ஸல்ஹா.

"சொன்னா நம்புறானுகளா?" என்றார் பக்கீர், தண்ணீரைப் பார்த்தபடி.

பாதை போய்த் திரும்பி வர அரை மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. இந்த முறை இருவரும் முன்வரிசையில் ஏறினார்கள். பாதி ஆறு தாண்டியபோது மழை விட்டது. அக்கரை றோட்டில் வெள்ளைத் தொப்பிகள் வரிசையாகத் தெரிந்தன. பள்ளிவாசலிலிருந்து மையத்தை அடக்குகிற மையவாடிப் பக்கமாக ஒரு சந்தூக்குப் போய்க்கொண்டிருந்தது. தோள் மாற்றி, தோள் மாற்றி, வேகமாகப் போனார்கள்.

பாதையில் நின்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"ஆருட மையத்து?" என்று கேட்டார், தகரப்பெட்டியோடு நின்ற ஒரு வயசாளி.

"தெரியா," என்றான் பக்கத்தில் நின்றவன்.

"எங்கட காக்கா," என்றாள் ஸல்ஹா.

கிழவர் அவளைப் பார்த்தார், பிறகு செருப்பில்லாத அந்தக் காலைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவன் ஒதுங்கினான், அவனுக்குப் பின்னால் நின்றவனும் ஒதுங்கினான். ஸல்ஹாவைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் வந்துவிட்டது. அந்த இடத்தை வைத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கரை தட்டியதும் பின்னாலிருந்து, "இறங்குங்க, இறங்குங்க, மூதூர் பஸ் போயிரும்" என்று தள்ளத் தொடங்கினார்கள்.

பக்கீர் பைகளை அவளிடம் கொடுத்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினார். "ஓடினா எட்டிப் பிடிக்கலாம். நான் போகட்டா?"

மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை.

"போங்க," என்றாள். "மண் போடக்குள்ள எண்ட பங்குக்கும் மூணு பிடி போடுங்க."

அவர் சேற்றில் வழுக்கி, நிமிர்ந்து, ஓடினார். சேர்ந்து வந்தவர்கள் பெட்டிகளோடும் பார்சல்களோடும் கலைந்து போனார்கள். திருகோணமலைப் பக்கம் போகக் காத்திருந்தவர்கள் அவளை இரு பக்கமும் உரசிக்கொண்டு பாதையில் ஏறினார்கள். காக்காவின் மனைவி மச்சியின் வீடு கால் மைல் தூரந்தான். ஸல்ஹா இரண்டு பைகளையும் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

கயிற்றை அவிழ்க்க வந்த பாதைக்காரன் அவளைக் கண்டுவிட்டு, ஏறி நின்றவர்களைக் கையால் உள்ளே தள்ளினான்.

"ஏறுங்க ராத்தா. இன்னும் ஒராளுக்கு இடமிரிக்கு."

அவள் ஒதுங்கி நின்றாள். குடையோடு ஓடி வந்த ஒருவர் அந்த இடத்தில் ஏறிக்கொண்டார்.