பதினோரு நாற்று முடி

எவர்சில்வர் குடத்தை வரப்பின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பொன்னுரங்கம் மேஸ்திரி சேற்றில் இறங்கிக் கயிறு கட்டினார். களமருதூர் ஏரிக்குக் கீழே இருந்த பெரிய கழனி அது. அதை நீளவாக்கில் ஏழு பட்டிகளாகப் பிரித்தார். நடவுக்குப் போன நாங்கள் ஏழு பேர். ஆளுக்கு ஒரு பட்டி.

"இனிமே ஒருத்தி பங்குல இன்னொருத்தி கை வெக்கக் கூடாது. யாரு மொதல்ல அந்தக் கோடி வரப்புக்குப் போறாளோ அவளுக்குத்தான் கொடம். சேந்து நட்டா சோம்பேறிக்கும் அதே கூலி, வேலக்காரிக்கும் அதே கூலி. நாயமா இது? நீங்களே சொல்லுங்க."

நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. எட்டாவது வரை படித்தவள் நான். மற்றவர்களைவிட எனக்குக் கணக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்தப் படிப்பும் என் அக்கா குஞ்சம்மாள் பத்து வயசிலிருந்து சேற்றில் நின்று வாங்கித் தந்தது. அவள்தான் எனக்கு வலப்பக்கத்துப் பட்டி.

அதுவரை நாங்கள் ஒரே வரிசையாக நின்றுதான் நடுவோம். குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே போகவேண்டும். யாருக்காவது காய்ச்சல், இடுப்பு வலி என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அவள் கை தளர்ந்ததைப் பார்த்ததும் இரண்டு பக்கத்துக்காரிகளும் அவள் பங்கில் ஒரு சாண், ஒரு சாண் என்று சேர்த்து நட்டுவிடுவார்கள். 'கை வாங்குறது' என்போம். நான் பிள்ளை பெற்று நாற்பதாம் நாள் நடவுக்கு வந்தபோது அக்கா என் பங்கில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டாள். நான் வெறுமனே குனிந்து நின்றேன் என்றே சொல்லலாம். வரிசை கோணவில்லை. வரப்பில் குடையோடு நின்ற மேஸ்திரிக்கு எதுவும் தெரியவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முந்தின நாள் பறித்து, கைப்பிடிக் கட்டுகளாக முடிந்து வரப்பில் அடுக்கிய நாற்று முடிகளை யாரும் நேரே கைவிட்டு எடுக்க மாட்டோம். எங்களில் மூத்தவள் தைலம்மாள். அவள் ஒரு குச்சியால் குவியலை நாலு தட்டு தட்டி, உள்ளே பூச்சி பொட்டு இல்லை என்று பார்த்த பிறகுதான் முடிகளை எடுத்து வீசுவாள். கயிறு கட்டிய அன்றைக்கு அவரவர் கோடியில் அவரவர் குவியல் ஆகிவிட்டது. குச்சி எங்கே போனது என்று யாரும் தேடவில்லை.

முதல் நாளே பேச்சு நின்றது. இரண்டாம் நாள் ஒருத்தியிடம் ஒருத்தி வெற்றிலை வாங்கித் தின்பது நின்றது. தைலம்மாள் தண்ணீர் குடிக்க நிமிர்ந்தால் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். மூன்றாம் நாள் அவள் எனக்கு இரண்டு ஆள் நீளம் முன்னால் இருந்தாள். நான் சட்டென்று, "யக்கா, பாம்பு! ஒன் காலாண்ட!" என்று கத்தினேன். எல்லோரும் அலறியடித்துக்கொண்டு வரப்பேறினார்கள். அவர்கள் திரும்பி இறங்குவதற்குள் நான் இரண்டு முடி நட்டு முடித்திருந்தேன்.

"அடிப்பாவி! பாம்புன்னு சொல்லி கெலிக்கப் பாக்கிறியா? நாளிக்கி யான வருதுன்னு சொல்லுவியாடி?" என்றாள் தைலம்மாள். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "மூளக்காரி! இவதான் பொழைப்பா!" அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னாடி புத்தி இது" என்று மெதுவாகக் கேட்டாள். குடம் தனக்குக் கிடைக்காதோ என்ற பொறாமை அவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் வெயில் முதுகில் ஏறும் நேரம். கோடி வரப்புக்குப் போய் அக்கா முடி அள்ளினாள். எனக்கு அவள் கால்கள்தான் தெரிந்தன. "யம்மா! பாம்புடி! கையில போட்டுடுச்சி!" என்று கத்தினாள்.

மற்றப் பட்டிகளில் சிரிப்பு கிளம்பியது. ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை.

"செவந்தி, மெய்யாலுமேடி. எரியுதுடி."

"நான் நேத்து செஞ்சத நீ இன்னிக்கி செய்றியா? போய் வேலயப் பாரு" என்றேன். என் கை நிற்கவில்லை. அப்போது எனக்குப் பதினோரு முடி பாக்கி இருந்தது.

அக்கா மறுபடி கூப்பிடவில்லை. வரப்பில் நடந்து போகும் சத்தம் கேட்டது. பட்டியை விட்டுவிட்டுப் போகிறாள், எனக்கு ஒரு ஆள் குறைந்தது என்றுதான் நினைத்தேன். பதினோரு முடியையும் நட்டுவிட்டு, கோடி வரப்பில் கையூன்றி ஏறி நிமிர்ந்தேன். முதலில் குடத்தைத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் வாய்க்கால் பக்கமிருந்து சாமியம்மாளின் குரல் கேட்டது. அவள் கல்வராயன் மலையிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நடவுக்குப் புதிது. எல்லோரைக் காட்டிலும் பின்தங்கியவள் அவள்தான். தண்ணீர் குடிக்கப் போனவள் அக்காவைப் பார்த்திருக்கிறாள். மடியில் கிடத்தி முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் கை முழங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது.

"எங்க மலயில ஒருத்தி கத்துனா ஊரே ஓடியாரும்" என்றாள் சாமியம்மாள். "நீங்க பாம்பக்கூடப் பொய்யாக்கிட்டிங்களே!"

கட்டை வண்டியில் ரோட்டுக்கு, அங்கிருந்து வந்த லாரியில் ஆஸ்பத்திரிக்கு. அக்கா வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "எத்தனை மணிக்குக் கடிச்சது?" என்று டாக்டர் கேட்டார். எங்களில் யாரிடமும் கடிகாரம் இல்லை. எனக்குப் பதினோரு முடி பாக்கி இருந்தபோது என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது? பொழுது சாய்வதற்குள் அக்கா போய்விட்டாள்.

அக்காவுக்கு மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது மேஸ்திரி குடத்தோடு வாசலில் நின்றார். "கெலிச்சது நீதான. பேச்சுன்னா பேச்சு" என்றார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "மத்த பட்டியெல்லாம் முடிஞ்சிபோச்சி. ஒங்கக்காளோட மிச்சப் பட்டிதான் அப்படியே கெடக்குது. யாரு முடிக்கிறது?" என்று கேட்டார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஏழு நாள் வேலையை நாங்கள் நாலு நாளில் முடித்திருந்தோம். மிச்ச மூன்று நாள் கூலி ஏழு பேருக்கும் இல்லை. குடத்தின் விலையை அதில் எத்தனை தடவை கழித்தாலும் நடவை மொத்தமாகப் பேசி எடுத்த மேஸ்திரிக்குத்தான் லாபம். எட்டாவது படித்தவளுக்கு இந்தக் கணக்கு கயிறு கட்டிய அன்றைக்கு வரவில்லை.

குடத்தை அவர் முகத்தில் வீசினேன் என்று எழுத ஆசைதான். வீசவில்லை. வீட்டில் இருந்த ஒரே குடம் அடியில் ஓட்டை. மேஸ்திரி தந்த குடத்தில்தான் இன்றைக்கும் தண்ணீர் பிடிக்கிறேன். ஒவ்வொரு தடவை இடுப்பில் வைக்கும்போதும் மேஸ்திரி மேல் வருகிற ஆத்திரம் பாதி தூரம் வந்து என் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

அக்காவின் மிச்சப் பட்டியில் இருபது நாள் கழித்து வெளியூர் ஆள்களை வைத்து நட்டார்கள். அறுப்புக்கு நாங்கள் ஆறு பேரும் போனபோது கழனி முழுதும் பழுத்து நின்றது. அந்த ஓர் இடம் மட்டும் பச்சை. மேஸ்திரி வரப்பில் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவை வைத்துவிட்டு, கயிற்றை நீளமாகத் தரையில் விரித்தார்.

"இன்னா, அப்படியே நின்னுக்கினு இருக்கிங்க? கெலிக்க ஆளில்லியா?"

தைலம்மாள் கையில் அரிவாளோடு ஒரு குச்சியும் இருந்தது. சாமியம்மாள் அவளை ஒட்டி நின்றாள். என் கண் ஒரு முறை அண்டாவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. மற்றவர்கள் கண்ணும் போனதைப் பார்த்தேன். காற்று அடித்தது. பழுத்த கதிரெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. நடுவில் பால் பிடிக்காத அந்தப் பச்சை மட்டும் நிமிர்ந்து நின்றது. எங்கள் கால்களுக்கும் கயிற்றுக்கும் நடுவே ஓர் அடிதான் இருந்தது.