இரண்டாவது பெரியநாயகி

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பேர். மருமகளைத் திட்டினால் மாமியாரைத் திட்டியதாகிவிடும் என்று, தாலி ஏறிய அன்றே பெரியநாயகியை ராசம்மாள் ஆக்கிவிட்டார்கள். பினாங்கிலிருந்து புருஷன் அனுப்பிய அனுமதிச் சீட்டிலும் அந்தப் பேர்தான் இருந்தது.

சீட்டைப் பதியப் போனபோது, நாமக்கல் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா பேர் கேட்டார்.

"பெரியநாயகிங்க."

"அது என்ற பேருங்க. இவ ராசம்மா," என்றாள் மாமியார்.

"பேரை மாத்தோணும்னா சீட்டு பினாங்குக்குத் திரும்பிப் போகோணும். வர வருஷமாகும், பாத்துக்கம்மா."

கல்யாணமான மாசமே கப்பலேறியவன் புருஷன். அவன் முகமே அவளுக்கு மங்கிக்கொண்டு வந்தது.

"போறவ நானாத்தான் இருக்கோணுங்க. திருப்பி அனுப்பிருங்க."

"இனி இவளை என்னன்னு கூப்புடறது?" என்று மாமியார் குமாஸ்தாவிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடவில்லை. வட்டில் வைக்கும் சத்தம் கேட்டுத்தான் அவள் சாப்பிட எழுந்து போனாள்.