கேட் திறந்தால் அக்காவின் குதிரை

கொஞ்ச தூரம் நடக்கவிட்டதுமே அல்சீடுக்குத் தெரிந்துவிட்டது. பிரோக்கின் இடது முன்னங்கால் சரியில்லை. குதிரை அதை முழுசாக ஊன்றாமல் தொட்டுத் தொட்டு எடுத்தது. மீசை முளைத்த நாளிலிருந்து ஜாக்கியாகப் பிழைப்பவனுக்கு இதைச் சொல்ல டாக்டரா வேண்டும்?

பந்தயத்துக் குதிரை டாக்டரும் அங்கேதான் நின்றார், லூசியானா வெயிலுக்குத் தொப்பியால் விசிறிக்கொண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், குதிரையைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிடுவார். வேறு நாளாக இருந்தால் அல்சீட் சொல்லியிருப்பான்.

இன்று ஓடுவது விலைப் பந்தயம். ஓடுகிற எந்தக் குதிரையையும் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கலாம். ஓட்டம் தொடங்க கேட் திறந்த நொடியிலிருந்து அது வாங்கியவருடையது. பிரோக்குக்குப் பணம் கட்டியிருந்தவள் ஓடீல் அக்கா. தாய் செத்த குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவளே அவள்தான். கஷ்டகாலத்தில் விற்றுவிட்டு, அன்றுமுதல் புலம்பிக்கொண்டிருந்தாள். காலையில் அல்சீடிடம் மட்டும் காதோடு சொன்னாள்: "போதும்டா, இனி அவன் ஓட வேண்டாம். என் புல்லைத் தின்னுட்டு சும்மா கெடக்கட்டும்."

விலக்கினால் அந்த வியாபாரம் செல்லாது. குதிரை இப்போதைய சொந்தக்காரன் டாயிலிடமே இருந்துவிடும். டாயிலுக்குப் பயிற்சியாளன் என்று பெயர். கசாப்புக் கடைக்காரனுக்கு அவனைவிட மனசு உண்டு. வலி தெரியாமலிருக்க மூட்டில் ஊசியைக் குத்தி அடுத்த வாரமே டெக்சாஸில் ஓடவிடுவான்.

கேட்டுக்குள் குதிரைகளை ஏற்றுகிற பெல்டன் சீண்டினான். "என்னடா, எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சி? பொண்டாட்டி சோறு போடலையா?"

"வாயை மூடிட்டுக் கதவைச் சாத்து."

கேட் திறந்ததும் இழுத்துப் பிடித்து, எல்லாருக்கும் பின்னால் மெல்ல நடத்திக் கொண்டுபோய்விடலாம் என்று அல்சீட் கணக்குப் போட்டிருந்தான்.

பிரோக்கை யார் கேட்டார்கள்? முன்னால் ஓடும் குதிரைகளைக் கண்டதும் அது கடிவாளத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு பாய்ந்தது. அல்சீட் கை இற்றுப்போகும்வரை இழுத்தான். முதல் வளைவில் எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

கூட்டத்தின் கண்ணில் படாமலிருக்கச் சுற்றிலும் பச்சைத் திரை பிடித்தார்கள். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு எழுந்தார். "தேறாது. சொந்தக்காரர் யாரு? சம்மதம் சொல்லணும்."

டாயில் கையை விரித்தான். "என்னைப் பாக்காதீங்க. கேட் திறந்ததுமே அது என் கையை விட்டுப் போயிடுச்சு. அதோ, அந்த அம்மாவைக் கேளுங்க."

ஓடீல் அக்கா மண்ணில் உட்கார்ந்து பிரோக்கின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். டாக்டரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். ஊசி போட்டு அதன் வேதனையை முடித்தார்கள்.

வெகுநேரம் கழித்து அல்சீடிடம் கேட்டாள். "கெளம்பும்போது நல்லாத்தானேடா இருந்தான்?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லக்கா. கால் சரியில்லன்னு தெரியும். உங்கிட்ட வந்து சேரட்டும்னுதான் வாயைத் திறக்கல."

அவள் அடிக்கவில்லை, திட்டவுமில்லை.

"அந்தப் பாவிகிட்டயே இருந்திருந்தாலும்," என்றாள், "இன்னைக்கு உசுரோட இருந்திருப்பானேடா."