துடைக்காத சிலைடு

பூர்ணிமா தியேட்டரில் கடைசிப் படம் ஓடியது நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால். வீடியோ கேசட் வந்ததும் கூட்டம் போய்விட்டதாம். பிறகு அது நாற்காலி மேசை போட்டு வைக்கும் கிடங்காக இருந்தது. அதற்குப் பிறகு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, சூப்புக்கு விற்கும் கூட்டுக்காகக் குருவிகளுக்கு வீடாக்கினார்கள். பத்து வருஷம் குருவிகள்தான் பால்கனி டிக்கெட்டில் இருந்தன என்று இப்போது இந்த இடத்தை நடத்தும் கிறிஸ்டல் அக்கா வருகிறவர்களிடம் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னமும் அந்த எச்ச வாடை வரும்.

இப்போது கீழே காப்பிக்கடை, மேலே கண்காட்சி. பழைய போஸ்டர், டிக்கெட் கிழிக்கும் பெட்டி, மூன்றாம் வகுப்பு மரப்பெஞ்சு ஒன்று, பெண்கள் பக்கத்தைப் பிரித்த தடுப்புக் கட்டை. ஒரு சுவர் முழுக்கப் பினாங்கிலும் தோட்டப்புறங்களிலும் இருந்த கொட்டகைகளின் படங்கள். பாதிக்கு மேல் இடித்தாகிவிட்டது. மீதியில் ஒன்று பேரங்காடி, ஒன்று தேவாலயம், ஒன்று கார் நிறுத்துமிடம். நான் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். இங்கே மேசை துடைக்கிறேன், காலையில் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கிறேன். ஆட்களிடம் பேச வேண்டிய வேலை இல்லை என்பதால்தான் சேர்ந்தேன்.

போன மாதம் படம் ஓட்டும் அறையைச் சீர்படுத்த வந்த தச்சர்கள் அங்கிருந்த பெரிய பலகை மேசையைச் சுவரிலிருந்து பெயர்த்தார்கள். பின்னால் இடுக்கில், படம் ஓடும்போது திரையில் எழுத்துக் காட்டுகிற சிலைடு ஒன்று கிடந்தது. உள்ளங்கை அளவு கண்ணாடி. ஒரு பக்கம் விளக்குக் கரி பிடித்திருந்தது. கரியில் ஊசியால் எழுதி, மேலே இன்னொரு கண்ணாடி வைத்து, தகர ஃபிரேமில் செருகியிருந்தார்கள். கிறிஸ்டல் அக்கா அதைப் பெட்டிக்குள் வைத்து அடியில் விளக்குப் போட்டாள். 'ஊரே ஒரு குடும்பமாக இருந்த காலம்' என்று மூன்று மொழிகளில் அட்டை எழுதினாள். மறுநாள் காலை துடைக்கப் போனபோதுதான் படித்தேன்.

'சீனி முகம்மது, டாக்சி. உடனே வெளியே வரவும்.'

சீனி முகம்மது என் நன்னா. அம்மாவின் அத்தா.

எங்கள் வீட்டில் இந்தக் கதை தெரியாதவர் இல்லை. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளைப் பெற்ற நன்னிக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி ஆஸ்பத்திரிக்கு எடுக்கச் சொன்னாள். நன்னாவின் டாக்சி பூர்ணிமா வாசலில்தான் நின்றது, சாவி அவர் சட்டைப்பையில். அவர் உள்ளே மூன்று மணி ஆட்டத்தில். இரண்டு சந்து தள்ளித்தான் வீடு. நூர் பீவி, அதாவது என் அம்மா, ஓடி வந்து கேட்காரரிடம் சொன்னாள். அவர் சீட்டு எழுதி மேலே அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டாச்சு பாப்பா, பேரு பெரிசா வந்துச்சு, வீட்டுக்குப் போ" என்றார். அம்மா போகவில்லை. டாக்சியின் முன்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் விட்டதும் நன்னா வெளியே வந்தார், பக்கத்தில் வந்தவரோடு சிரித்துக்கொண்டே.

வீட்டில் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையும் இரண்டு நாளில் போய்விட்டது.

"நான் பார்க்கலை" என்று நன்னா ஒரே ஒரு முறை சொன்னாராம். அவருடைய அக்காவே, "ஆயிரம் பேரு பார்த்தது உன் கண்ணுக்கு மட்டும் தெரியலையா" என்று கேட்டாராம். அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை. அம்மா அன்றிலிருந்து அவரிடம் பேசவில்லை. முப்பத்தொன்பது வருஷம். எட்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் கைகால் இழுத்துக்கொண்டபோது, பார்க்க வேறு ஆள் இல்லை என்று எங்கள் ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்தாள். பின்னறையைக் கொடுத்தாள். சோறு, துணி, மருந்து எதிலும் குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் என் வழியாகத்தான் போகும்.

"உன் நன்னாகிட்ட கேளு, ரசம் வேணுமா, மீன் ஆணமா."

நன்னா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பார். "ரசம்னு சொல்லு" என்பார். நான் இருவருக்கும் நடுவில் திரும்பித் திரும்பிச் சொல்வேன்.

இந்த வருஷம் அவர் குளியலறையில் இரண்டு முறை விழுந்தார். பகலில் அம்மா நாசி கண்டார் சோற்றுக்கடை வேலையில், நான் இங்கே. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து அம்மா படிவம் வாங்கிவந்தாள். கையெழுத்துப் போடாமல் குளிர்ப்பெட்டி மேல் காந்தத்தில் மாட்டிவைத்திருந்தாள். "அடுத்த மாசம் வரைக்கும் யோசிக்கிறேன்" என்றாள். நன்னா தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். எதுவும் கேட்க மாட்டார்.

சிலைடைப் பார்த்த அன்று வீட்டில் நான் சொல்லவில்லை. பெயர் எழுதியே இருக்கிறது என்றால் நன்னா பொய் சொன்னது உறுதியாகிவிடும் என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷேக் மாமா வந்தார். ஷேக் அலாவுதீன், பூர்ணிமாவில் பதினாறு வருஷம் படம் ஓட்டியவர். வாரக்கடைசியில் வருகிறவர்களுக்கு மெஷினைக் காட்டிப் பேசுவது அவர் வேலை. அன்று முப்பது பேர் இருந்தார்கள்.

"அப்போ ஹேண்ட்போன் ஏது? வீட்ல ஏதாச்சும்னா கேட்ல சொல்வாங்க, நான் கரியில பேர் எழுதிப் படத்துக்குப் பக்கத்துலயே விழுற மாதிரி போடுவேன்."

"மாமா, பொண்டாட்டி தேடி வந்த சிலைடு எத்தனை?" என்று ஒருவர் கேட்டார்.

"பாதி அதுதான்லா. மாமியார் வந்திருக்காங்கன்னு போட்டா ஒருத்தனும் எழுந்திரிக்க மாட்டான்."

சிரிப்பு அடங்கியதும் கிறிஸ்டல் அக்கா பெட்டியைக் காட்டினாள். "இது மாதிரி எத்தனை சிலைடு மாமா இருந்துச்சு?"

"மொத்தமே ஆறு கண்ணாடிதான். முதலாளி ஏழாவது வாங்கித் தர மாட்டார். போட்டவுடனே துணியால துடைச்சு, விளக்குல காட்டித் திரும்பக் கரி ஏத்தணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குக் கண்ணாடி ஏது? பேரு இன்னும் இருக்குதுன்னா அது ஸ்கிரீனுக்குப் போகாத சிலைடு. போயிருந்தா துடைச்சிருப்பேன்."

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். நான் கையிலிருந்த துணியோடு அங்கேயே நின்றேன். பெட்டியை மூன்று முறை துடைத்துவிட்டேன். நான்காவது முறை ஷேக் மாமாவே கேட்டார். "என்னம்மா, தேய்ச்சே எடுத்துருவியா?"

"மாமா, இது ஏன் போகல?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

அவர் குனிந்து பெயரைப் படித்தார். "டாக்சின்னு போட்டிருக்கில்ல? அதான். டாக்சிக்காரங்கள எப்பவும் யாராச்சும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. பாயான் லெப்பாஸ் போகணும், படகுத்துறை போகணும்னு. கீழேருந்து வர்ற சீட்டுல பேரும் டாக்சியும்தான் இருக்கும். அந்த நேரத்துல பாட்டு வந்திருக்கும். பாட்டு ஓடும்போது சிலைடு போட்டா செருப்பு பறக்கும்லா. ஒரு தடவை ஸ்கிரீனே கிழிஞ்சுச்சு. பாட்டுலயும் சண்டையிலயும் போடாதேன்னு முதலாளி கண்டிப்பா சொல்லிட்டார். ரீல் மாத்துறப்ப போடலாம்னு மேசையில வெச்சிருப்பேன். விழுந்திருக்கும். சவாரிதானே, வேற டாக்சில போயிருப்பாங்கன்னு விட்டிருப்பேன்."

"அவர் என் நன்னா" என்றேன். பிறகு எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பதைச் சொன்னேன்.

ஷேக் மாமா மெஷினின் பக்கக் கதவைத் திறந்தார், மூடினார். கொண்டுவந்து வைத்த தேநீரைத் தொடவில்லை.

"உங்கம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"வரச் சொல்லு. நானே சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு ஓய்வு. கடையில் புதிய கேக் வந்திருக்கிறது என்று பொய் சொல்லிக் கூட்டிவந்தேன். அந்தச் சந்துக்குள் அவள் முப்பத்தொன்பது வருஷமாக வந்ததில்லை. படியேறும்போது கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். சிலைடைப் படித்ததும், "இதான் உன் கேக்கா?" என்றாள். "எழுதித்தானே இருக்கு. எனக்குத் தெரிஞ்சதுதானே."

ஷேக் மாமா எழுந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை சொன்னதையெல்லாம் சொன்னார். ஆறு கண்ணாடி, துணி, பாட்டு, மேசை. ஒன்றையும் குறைக்கவில்லை. கடைசியில் அம்மா, "கேட்காரர் போட்டாச்சுன்னு சொன்னாரே" என்றாள்.

"அவன் எல்லாருக்கும் அதான்மா சொல்வான். அப்படிச் சொன்னாத்தான் ஆளுங்க கேட்டை விட்டு நகருவாங்க."

"நான் நகரலையே."

ஷேக் மாமா தலை குனிந்துகொண்டார்.

"அப்போ அவருக்குத் தெரியாது" என்றாள் அம்மா. அது கேள்வி போல இல்லை.

"தெரியாதும்மா. படம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கார், அவ்வளவுதான். என்னைத் திட்டணும்னா திட்டுங்க."

அம்மா திட்டவில்லை. "உங்களுக்கு வயசாயிருச்சு, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம். நான் காத்திருந்தேன். இன்று வீட்டுக்குப் போனதும் பின்னறைக் கதவில் நின்று 'அத்தா' என்று கூப்பிடுவாள் என்று எனக்குள் எழுதியே வைத்திருந்தேன். என்ன தொனியில் கூப்பிடுவாள் என்றுகூட. எங்கள் நிறுத்தம் வரும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இதை எதுக்குடி தோண்டி எடுத்தே?"

"அவர் பார்க்கலையேம்மா."

"அதான் கேக்குறேன். பார்த்தார்னு இருந்தவரைக்கும் நான் அவருக்குச் சோறு போட்டேன். இனிமே அந்த மூஞ்சிக்கு நேரா நான் எப்படிப் போய் நிக்கிறது?"

வீட்டுக்குள் வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல், குளிர்ப்பெட்டி மேலிருந்த படிவத்தை எடுத்தாள். நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். இல்லத்துக்கு ஃபோன் செய்து, அடுத்த மாதம் வேண்டாம், இந்த வியாழக்கிழமையே கொண்டுவருகிறோம் என்றாள். பின்னறையிலிருந்து இருமல் சத்தம் வந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"உன் நன்னாகிட்ட சொல்லு, வியாழக்கிழமை."

நான் போய்ச் சொன்னேன். நன்னா, "சரின்னு சொல்லு" என்றார்.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. ஓர் அறையில் நான்கு கட்டில். நன்னாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அம்மா முன்னால் ஆபீசில் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, எது காலையில், எது ராத்திரி என்று தாதியிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் அவருடைய கைலிகளை அலமாரியில் அடுக்கினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். பாவமாக இருந்தது. இதையாவது கையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பேசத் தெரியாதவள் பேசினால் இப்படித்தான் ஆகும்.

"நன்னா, அன்னைக்குச் சிலைடு போடவே இல்லையாம். படம் ஓட்டினவரே சொன்னார்."

அவர் முகம் மாறியது. நான் அவரிடம் ஒருபோதும் பார்த்திராத முகம்.

"அதத்தானேம்மா நான் சொன்னேன்" என்றார். "அன்னைக்கே சொன்னேன்." வலது காலால் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினார். நல்ல கையைக் கட்டில் கம்பியில் ஊன்றி எழப் பார்த்தார். "உங்கம்மா எங்கே? முன்னாடி இருக்காளா? ஓடிப்போய் அவகிட்ட முதல்ல சொல்லு. அந்தத் துணியெல்லாம் எடுத்து வெளியே வை."

அப்போதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது.

"அவங்களுக்குத் தெரியும் நன்னா."

"தெரியுமா? எப்போ சொன்னே?"

"செவ்வாய்க்கிழமை."

அவர் பாதி எழுந்தபடி நின்றார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. செவ்வாய், புதன், வியாழன். மெல்ல உட்கார்ந்தார். ஒரு செருப்பு மாட்டியிருந்தது. அதைக் கழற்றுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் குனிந்தேன். வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"கையெழுத்து அதுக்கப்புறமா போட்டா?"

நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கட்டிலில் இருந்த சீனக் கிழவர் வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார். நன்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே கார் நிறுத்துமிடமும் ஒரு மாமரமும்தான் இருந்தன.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட சொல்லிடாதே" என்றார். "பாவம்."

நடைபாதையில் அம்மா காலி மருந்துப் பையை நான்காக மடித்துக்கொண்டு நின்றாள். அறைப் பக்கம் வரவில்லை. நான் வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.