முகத்துவாரத்து மோகினி குளித்து வந்தாள்

இமெல்டா டீச்சர் தன் ஆயுளில் நடித்தது ஒரேயொரு படம்: ‘முகத்துவாரத்து மோகினி’. மட்டக்களப்பு ஆட்களை வைத்து, மட்டக்களப்பிலேயே எடுத்தது. கொஞ்ச நாள் ஓடியது. பிறகு சண்டை, இடப்பெயர்வு என்று வந்ததில் படப்பெட்டி போன இடம் தெரியவில்லை.

காணாமல் போனதுதான் அந்தப் படத்துக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். பார்த்தவர்கள் குறையக் குறையப் புகழ் ஏறிக்கொண்டே போனது. கடைசிக் காட்சியில் காதலன் வாவியில் மூழ்கிச் சாக, கரையில் நின்று இமெல்டா அழுத அழுகையில் தியேட்டரில் பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்று யாரோ தொடங்கி வைத்தார்கள். சில வருஷத்தில் அந்தப் பெண்களை ஆஸ்பத்திரியிலும் சேர்த்துவிட்டார்கள். டீச்சர் ஒன்றையும் மறுக்கவில்லை. “அதெல்லாம் அந்தக் காலம்” என்று தலையைக் குனிந்துகொள்வார். கலியாண வீடுகளில் முன்கதிரை அவருக்குத்தான்.

இளைப்பாறிய கலாசார உத்தியோகத்தர் மத்தேயு, படத்தைக் கண்ணாலும் காணாமல் அதன் யதார்த்த அழகியலைப் பற்றி நீள நீளமாகக் கட்டுரை எழுதியவர்.

அப்படியிருக்கையில்தான், ஏறாவூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஜிப்ரி, தன் வாப்பா தியேட்டர் நடத்திய காலத்துத் தகரப் பெட்டிகளைக் களஞ்சியத்தின் மூலையில் கண்டெடுத்தார். ஒன்றின் மேல் ‘முகத்துவாரத்து மோகினி’ என்று எழுதியிருந்தது. ஊர் துள்ளிக் குதித்தது. மீட்புக் குழு ஒன்று முளைத்தது, தலைவர் மத்தேயு. பழைய படங்களைச் சுத்தம்செய்யும் தொழிலை வெளிநாட்டில் படித்துவந்த ஜூலியன் பெட்டியைத் திறந்தான். அச்சாறுப் போத்தலைத் திறந்ததுபோல் புளித்த வாடை.

சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “படம் தப்பியிட்டுது!” என்றான்.

டீச்சர் கோயிலில் எல்லாரும் பார்க்க மெழுகுதிரி கொளுத்தினார். வீட்டுக்கு வந்து, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார். அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று தெரிந்தவர்களில் மிச்சமிருப்பவர் அவர் மட்டும்தான்.

பொறுக்கமாட்டாமல் ஜூலியனின் அறைக்குப் போனார்.

“இது முந்தி இருந்தது, டீச்சர்.” கணினித் திரையில் கோடும் புள்ளியுமாகக் கறுப்பு மழை பெய்தது. அதற்குள் ஒரு பெண் தலைவிரிகோலமாக நின்றாள். பார்க்கவே நெஞ்சைப் பிசைந்தது.

“இது இப்ப.”

மழை விட்டது. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. காதலன் மூழ்கிக்கொண்டிருந்த தண்ணீர் அவனுடைய முழங்காலுக்குத்தான் வந்தது. மூழ்குவதற்காக அவன் குந்தினான். அவனுக்குப் பின்னால் ஒரு எருமை, ஒரு அவசரமும் இல்லாமல் வாவியைக் கடந்து போனது. கரையில் இமெல்டா கதறினாள். ஒவ்வொரு கதறலுக்கும் முன்னால் உள்ளங்கையில் ஒளித்துவைத்திருந்த வெங்காயத்தை மூக்கருகே கொண்டுபோனாள்.

“தம்பி, கொஞ்சம் ஊத்தை இருந்தாத்தான் பழைய படம் வடிவு. அப்பிடியே விடேலாதா?”

“ஊத்தை எடுக்கிறதுதானே டீச்சர் என்ட வேலை. இன்னும் கிடக்கு. முடிஞ்சா அந்த வெங்காயத்துட தோல்கூடத் தெரியும்” என்றான் அவன் பெருமையோடு.

அங்கிருந்து நேரே மத்தேயுவிடம் போனார். “என்ட நடிப்பு அவ்வளவு நல்லா இல்ல சேர். விழாவ விட்டுருவம்.”

மத்தேயுவுக்குக் கண் கலங்கியது. “இந்தத் தன்னடக்கம்தான் டீச்சர் உங்களப் பெரியாளாக்கினது” என்றவர், அதையும் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டார்.

விழாவன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. பேச்சுகள் முடிவதற்குள் சிற்றுண்டிப் பொதிகள் முடிந்துவிட்டன. “கைக்குட்டையை எடுத்து வையுங்கள், தாய்மாரே” என்று சொல்லி மத்தேயு இறங்கினார். சனம் பூசையில் இருப்பதுபோல் மூச்சுக்காட்டாமல் பார்த்தது. கடைசிக் காட்சி வந்தது. காதலன் குந்தினான். எருமை வந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் குரல்: “எழும்பி நில்லு மனே! கரைக்கு நடந்தே வந்திரலாம்!”

மண்டபம் வெடித்தது. வெங்காயம் மூக்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் டீச்சருக்குக் காது சுட்டது. திரையில் இருந்த அந்தப் பெட்டை எவ்வளவு நம்பிக்கையோடு வெங்காயத்தை முகர்ந்துகொண்டிருந்தாள்! டீச்சருக்குத் தொண்டையில் ஏதோ ஏறியது. அழுகை என்றுதான் நினைத்தார். வந்தது சிரிப்பு. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

வெளிச்சம் வந்ததும் மத்தேயு ஒலிவாங்கியைப் பிடித்தார். “கிழக்கின் முதல் நகைச்சுவைக் காவியம்! எங்கள் சமூகத்தின் ஆழமின்மையைத்தான் அந்த முழங்கால் தண்ணீர் காட்டுகிறது. எருமை யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை.” சனம் அவரையே பார்த்தது.

ஜிப்ரி மறுகிழமையே ஏறாவூரில் படத்தைப் போட்டார், அடுத்தது கொக்கட்டிச்சோலையில். சிரித்துச் சிரித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் கதைகள் கிளம்பின.

கொக்கட்டிச்சோலையில் படம் பார்த்த அஜந்தா என்ற இளம் இயக்குநர் டீச்சரின் வீடு தேடி வந்தாள். தன் படத்தில் வாய்க்காரி மீன்காரியாக நடிக்கவேண்டுமென்று கேட்டாள். டீச்சர் யோசிக்கவே இல்லை.

படப்பிடிப்பு கதிரவெளிக் கடற்கரையில். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, விலை குறைத்துக் கேட்டவனுடைய ஏழு தலைமுறையையும் டீச்சர் இழுத்துத் திட்டினார். கமராக்காரன் சிரித்ததில் கமரா ஆடிவிட்டது.

“மன்னிக்கணும் டீச்சர், இன்னொருக்கா எடுக்கணும்” என்றாள் அஜந்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“எத்தின தரமெண்டாலும் எடு மகள்” என்று சொல்லி, டீச்சர் சேலையை வரிந்து கட்டினார்.