சூப் கேப்டனின் பிரிட்ஜ்

கரீபியன் கடலின் பெக்குவே தீவில் ஆஸ்பர்ட்டுக்கு 'சூப் கேப்டன்' என்று பெயர். போன வருஷம் கரியாகூ தீவின் படகுப் பந்தயத்துக்கு மனைவி ஐவி கிண்டிய முள்சீத்தா ஐஸ்கிரீமைத் தன் பாய்மரப் படகில் ஏற்றிப் போனான். அங்கே அதைக் குவளையில்தான் ஊற்ற முடிந்தது.

"இந்தத் தடவையும் உருகிச்சுன்னா, அப்புறம் சரக்கெல்லாம் என் தம்பி டென்சிலோட மோட்டார் படகுலதான்," என்றாள் ஐவி. "உன் பிரிட்ஜு பேட்டரியைத்தான் குடிக்குது."

ஆஸ்பர்ட் படகில் தன் கையால் செய்திருந்த பிரிட்ஜ் பெட்டியைப் பிரித்து, நான்கு விரல்கடை தடிமனுக்குத் தெர்மோகோல் அடைத்தான். மூடிக்குப் புது ரப்பர் ஒட்டினான். அப்படியும் பிரிட்ஜ் ஓயாமல் உறுமியது. மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிட்டது.

ஒருநாள் படகின் அடிவயிற்றில் தேங்கிய தண்ணீரை இறைக்கக் குனிந்தான். அந்த வெக்கையில் ஒரு நண்டு கொடுக்கைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நடுங்கியது. பக்கத்தில் இரண்டு கரப்பான்கள் கட்டிப்பிடித்துக் கிடந்தன. அதற்குமுன் அவற்றுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

நிமிர்ந்து பார்த்தான். பெட்டியின் அடியில் வடிகால் ஓட்டை. பாளம் பாளமாக ஐஸ் ஏற்றிய காலத்தில் உருகிய நீர் வடிய வைத்தது. ஓட்டையில்லாமல் பெட்டி செய்ய பெக்குவேக்காரனுக்குக் கை வராது. புதுத் தெர்மோகோலிலும் அவனே அளந்து துளைத்திருந்தான். குளிரெல்லாம் அந்த வழியாக நண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கட்டை சீவி, ரப்பர் சுற்றி, இறுக்கி அடைத்தான். பிரிட்ஜ் வாயை மூடியது.

ஐஸ்கிரீமோடு பந்தயத்துக்குப் புறப்பட்ட இருவருக்கும் பாதி வழியில் காற்று செத்தது. டென்சில் மோட்டார் படகில் வந்து உரசி நின்றான்.

"மச்சான், சூப்பு ரெடியா? இப்படிக் குடு. மிச்சமாவது கெட்டியா போய்ச் சேரட்டும்."

ஐவி மூடியில் கை வைத்தாள். ஆஸ்பர்ட் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"எந்திரிய்யா, பாக்கணும்."

"தெறந்தா குளிரு போயிடும். கரையிலதான் எந்திரிப்பேன்."

ஐவி அவனைப் பார்த்தாள். பேட்டரியின் சார்ஜ் காட்டும் முள்ளைப் பார்த்தாள். அது அசையாமல் நிமிர்ந்து நின்றது.

"டென்சிலு, நீ கெளம்பு. இது எங்க படகுலயே வரும்."

சாயங்காலம் கரியாகூ கரையில் கூட்டத்துக்கு நடுவே மூடியைத் திறந்தார்கள். முதல் கரண்டி வளைந்தது. இரண்டாவது ஒடிந்தது. கடைசியில் படகு கட்டுகிறவனிடம் உளி வாங்கிச் செதுக்கினார்கள். அவசரப்பட்டுக் கடித்த டென்சில், "ஐயோ, பல்லு!" என்று உட்கார்ந்துவிட்டான்.

"பொறுமையா தின்னுங்க," என்று ஐவி ஊருக்கே கேட்கச் சொன்னாள். "எங்க கேப்டன் கையால செஞ்ச பிரிட்ஜுல வந்தது!"

'சூப்' இல்லாமல், வெறும் கேப்டன். ஆஸ்பர்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

ஓசிக் குளிர் நின்றுபோனதில் அந்த நண்டுக்கு மட்டும் கோபம். அன்றைக்கே டென்சில் படகுக்குக் குடிபோய்விட்டது.