எட்டாவது மாடி வரை

சவப்பெட்டியை லிஃப்ட்டுக்குள் நேராக நுழைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு சாண் இடம் போதவில்லை. நாற்பது வருடம் ஊரையே மேலும் கீழுமாக ஏற்றி இறக்கிய மெக்கானிக்கை, கடைசியில் நான்கு மாடியும் படி வழியாகத்தான் இறக்க வேண்டியிருந்தது.

“அண்ணன் இருந்திருந்தா பாத்த உடனே சொல்லியிருப்பாரு, இது நுழையாதுன்னு,” என்றார் ஃபியூஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கட்டடம் முழுக்க மின்சாரத்தைப் போக்கியவர் என்பதால் அந்தப் பெயர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. அவரும் இன்னும் மூன்று மெக்கானிக்குகளும் பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள்.

மகள் பின்னால் இறங்கினாள். அவள் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. ஆராதனையில் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசும்படி போதகர் கேட்டிருந்தார். குறிப்பாக, வேலை செய்த இடத்தில் அவர் எப்படிச் சாட்சியாக வாழ்ந்தார் என்று. அவள் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து, அப்பாவின் அக்காவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டாள். ‘வேலைத் தலத்தில் அநேகரை ஆண்டவரண்டை வழிநடத்தினார்’ என்பது முதல் வரி.

எங்கே வழிநடத்தினார்? மனுஷன் ஆலயத்துக்குக் கடைசியாக வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், பிரசங்கம் சூடுபிடிக்கும் நேரத்தில் சட்டைப்பையில் போன் துடிக்கும், எழுந்து போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் ஊரிலுள்ள லிஃப்ட்டெல்லாம் நிற்கும். ஆலயத்தில் அவருக்குப் ‘பாதி ஆராதனை’ என்று பட்டப்பெயரே உண்டு.

அவளைச் சபையின் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் நடந்த அன்றும் அப்படித்தான். பதினைந்து வயது, வெள்ளை உடை, பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்து இடம் காலி. எல்லாரும் கலைந்து போகிற நேரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தார். உடையில் கறை பட்டுவிடக் கூடாதென்று கிரீஸ் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுவிட்டதாம். “உங்களுக்கு லிஃப்ட்தான் சாமி,” என்றாள் அவள். அவர் கைகளை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை. அந்த வார்த்தையை அவளும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருபத்தேழு வருடம் ஓடிவிட்டது.

இரண்டாம் மாடி திருப்பத்தில் பெட்டியை இறக்கி மூச்சு வாங்கினார்கள். ஃபியூஸின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. காதில் விழுந்த சொற்கள் அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்தவை. ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பரமண்டல ஜெபம்.

“மாமா, நீங்க கோயிலுக்குப் போறவரு, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் வெட்கப்பட்டார். “பழக்கம் பாப்பா. வாய் தானா சொல்லுது. நாங்க நேரம் பாக்கறதே இதுலதான்.”

“நேரமா?”

“மோட்டார் பக்கம் வாட்ச் கட்டக்கூடாதுன்னு அண்ணன் ரொம்பக் கண்டிப்பு. கையோட இழுத்துடும். அதனால இதைச் சொல்லிக் கொடுத்தாரு. ஆஸ்பத்திரி லிஃப்ட் கீழேருந்து கிளம்புறப்ப ஆரம்பிக்கணும். ஒவ்வொரு மாடியிலயும் மேல டக்குனு ஒரு சத்தம் வரும், அதுக்குக் கொஞ்சம் நிக்கணும். ஜெபத்துல அப்பம் கேக்கற வரி வந்தா மூணாவது மாடி. மன்னிப்பு கேக்கற வரி அஞ்சாவது. எட்டாவதுல ஆமென் சொல்லவும் கதவு திறக்கவும் சரியா இருந்தா லிஃப்ட் நல்லாருக்குன்னு அர்த்தம்.”

இன்னொருவர் சிரித்தார். “போன் பண்ணி எங்கடா நிக்குதும்பாரு. அண்ணே, மன்னிப்பு தாண்ட மாட்டேங்குதும்போம். அவருக்குப் புரிஞ்சுடும்.”

“ஆலயத்துக்கு வாங்கன்னு உங்களைக் கூப்பிட்டிருக்காரா?”

“ஒரு நாள்கூட இல்ல. ஆனா ரிப்பேர் முடிஞ்சா முதல் தடவை அவர் மட்டும்தான் ஏறுவாரு. நாங்க சண்டை போட்டாக்கூட விடமாட்டாரு. நல்லபடியா மேல போய் இறங்கினப்புறம்தான் சர்வீஸ் கார்டுல கையெழுத்து. பாக்காததுக்குக் கையெழுத்துப் போடாதீங்கடான்னு உயிரை வாங்குவாரு.”

சின்ன வயதில் ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரிக்கு அவரோடு போயிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அழ அழ அவளைக் கீழேயே நிறுத்திவிட்டு அவர் மட்டும் மேலே போனார். இறங்கி வந்து, “இப்ப நீ வா,” என்று கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டார். எண்கள் ஒவ்வொன்றாக எரிய, அவர் உதடுகள் அசைந்தன. மாடிகளை எண்ணுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கீழே வண்டியில் ஏறியதும் அத்தையிடம் இதைச் சொன்னாள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஐயோ, இதைப் போய் ஆலயத்துல சொல்லிடாதே. ஜெபத்தைக் கடிகாரமா வச்சிருந்தான்னு சிரிப்பாங்க. ஏற்கெனவே என் தம்பியை அவங்க சிரிச்சது போதும். நான் எழுதினதை அப்படியே படி.”

அத்தையைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. தம்பிக்கு ஒரே ஒரு நாளாவது ஆலயத்தில் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடத் துடிக்கிறவளை என்ன சொல்வது?

ஆலயம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. நான்கு மெக்கானிக்குகளும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தயங்கி, கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது அப்பாவின் பெஞ்ச் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

போதகர் பெயர் சொல்லாமல், “மகள் வரலாம்,” என்றார். அவள் மைக் முன்னால் நின்று தாளைப் பிரித்தாள். முதல் வரி கண்ணில் பட்டது. இது அவள் பார்க்காதது. வாசித்தால் அவர் பெட்டிக்கு மேலேயே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். தாளை மடித்தாள். மூடி திறந்திருந்த பெட்டிக்குள், எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் அவர் நகக்கண்களில் கறுப்பாகவே இருந்தது.

“அப்பா வேலை செஞ்ச இடத்தைப் பத்தி எனக்கு அதிகம் தெரியாது,” என்றாள். “கேட்டுத் தெரிஞ்சுக்கவும் இல்ல. அது என் தப்பு. எல்லாரும் எழுந்து பரமண்டல ஜெபம் சொல்லலாமா?”

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சுகள் கிரீச்சிட, சபை எழுந்தது. ஜெபம் தொடங்கியது. தினமும் சொல்லிப் பழகியவர்களின் வேகம், தடதடவென்று ஓடியது. அவளும் கூடவே ஓடினாள். மன்னிப்புக் கேட்கிற வரி வந்ததும் நின்றுவிட்டாள். அதைத் தாண்ட அவளால் முடியவில்லை. சபை அவளை விட்டுவிட்டுப் போய், ஆமென் சொல்லி முடித்தது.

ஆனால் ஜெபம் முடியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து நான்கு கரகரத்த குரல்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன. ஒரு துண்டு சொல்லி, கொஞ்சம் நின்று, அடுத்த துண்டு. முன்வரிசைப் பையன் ஒருவன் களுக்கென்று சிரித்தான்; அவன் அம்மா தொடையில் கிள்ளினாள். ஆசீர்வாதத்துக்குக் கை தூக்கப் போன போதகர் கையைக் கீழே விட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் குரல்கள் அப்போதுதான் மன்னிப்புக்கு வந்தன. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவர்களோடு சேர்ந்து அந்த வரியைச் சொன்னாள், அவர்களைப் போலவே கொஞ்சம் நின்றாள், சேர்ந்தே மேலே போனாள். ஆறு. ஏழு. அத்தையின் குரலும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

ஆமென் என்றதும், கடைசி பெஞ்சில் நான்கு தலைகளும் பழக்கதோஷத்தில் அண்ணாந்து, எதிரே பீடத்துக்கு மேலே, எண் எரிய வேண்டிய இடத்தைப் பார்த்தன. அங்கே வெள்ளையடித்த சுவர்தான் இருந்தது. அவளும் திரும்பி அதைப் பார்த்தபடி, கதவு திறக்கிற நேரம் வரைக்கும் நின்றாள்.